யந்திரம் கண்டதும் மனிதன் அறிந்ததும்

'கண்டுபிடித்தல்' என்பது நாம் நாள்தோறும் வழங்கும் சொல். அதனைச் சற்றே பிரித்து நோக்கினால், அதனுள் இரு செயல்கள் அடங்கியிருக்கக் காண்போம். ஒன்று காணுதல், மற்றொன்று, கண்டதைக் கை நழுவ விடாமல் பிடித்தல். ஆயிரம் பேர் நடந்து செல்லும் கானக வழியில் ஒரு மூலிகை முளைத்திருக்கலாம். ஆயிரம் பேருடைய கண்களிலும் அது பட்டிருக்கும். ஆயினும், அதனை இன்னதென்று உணர்ந்து நோய்க்கு மருந்தாக்கியவன் எவனோ, அவனையே அதனைக் கண்டுபிடித்தவன் என்று உலகம் கூறும். ஏனையோர் கண்டனர், பிடித்திலர்.

இதுகாறும் இவ்விரு செயல்களும் மனிதனிடத்திலேயே ஒருங்கே இருந்தன. ஆதலால் அவற்றைப் பிரித்துப் பார்க்கும் தேவை நமக்கு எழவில்லை. இன்றோ மனிதன் கால் வைத்தறியாத செவ்வாய்க் கிரகத்தில், ரோபாட் என்னும் தானியங்கி யந்திரங்கள் தாமே வழி தேடிச் செல்கின்றன. தாமே கல்லைத் தேர்ந்தெடுக்கின்றன. தாமே அதனைச் சோதித்து, விளைவைப் பூமிக்கு அறிவிக்கின்றன. காணுதல் அங்கே நிகழ்கின்றது. பிடித்தல் எங்கே நிகழ்கின்றது? யந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தது என்று நாம் கூறுவது மெய்யுரையா, அன்றி உபசார வழக்கா? அதன் செயலால் தீங்கு விளையுமாயின் அதற்குப் பொறுப்பாளி யார்? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இவை வெறும் சொற்போர் அல்ல என்பதை அன்பர்கள் போகப் போக உணர்வார்கள்.

யந்திரத்திற்கு உரிமை அளித்தது ஏன்?

முதற்கண், தானே முடிவு செய்யும் உரிமை யந்திரத்திற்கு எதற்காக அளிக்கப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும். 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் நமது நாட்டின் சந்திரயான்-3 விண்கலம் சந்திரனின் தென்துருவத்தை அடுத்த பகுதியில் இறங்கியது. விழுப்புரத்தைச் சேர்ந்த திரு. ப. வீரமுத்துவேல் அத்திட்டத்தின் இயக்குநராக இருந்தார். அக்கலத்திலிருந்து வெளிவந்த பிரக்யான் என்னும் 26 கிலோ எடையுள்ள ஊர்தி, ஆகஸ்டு 27-ஆம் நாள், தனக்கு மூன்று மீட்டர் முன்னே, நான்கு மீட்டர் அகலமுள்ள ஒரு பள்ளத்தை எதிர்ப்பட்டது. வந்த வழியே திரும்புமாறு விஞ்ஞானிகள் அதற்குக் கட்டளை அனுப்பினர். ஊர்தியும் திரும்பி வேறு வழியே சென்றது. பூமியிலிருந்து சந்திரனுக்கு ரேடியோ அலை சென்று சேர ஏறத்தாழ ஒன்றேகால் விநாடியே ஆகும். ஆதலால் பள்ளத்தைப் பார்த்தது யந்திரத்தின் கண்ணாயினும், திரும்பச் சொன்னது மனிதனின் வாயே.

செவ்வாயின் நிலை வேறு. அது பூமிக்கு அணித்தே வரும் காலத்திலும் ரேடியோ அலை அங்குச் செல்ல மூன்று நிமிடங்கள் ஆகும். சேய்மையில் உள்ளபோது இருபத்திரண்டு நிமிடங்கள் வரை ஆகும். 'பள்ளம் தெரிகின்றது' என்னும் செய்தி இங்கு வந்து, 'நில்' என்னும் சொல் அங்குப் போய்ச் சேர்வதற்குள், ஊர்தி பள்ளத்தில் கிடக்கும். ஆகவே அங்குச் செல்லும் ஊர்திக்குத் தன் கால் வைக்கும் இடத்தைத் தானே தேர்ந்துகொள்ளும் ஆற்றலைப் புகட்டி அனுப்ப வேண்டியதாயிற்று. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் ஜெசரோ என்னும் பெரும்பள்ளத்தில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தி, ஓடிக்கொண்டிருக்கும்போதே தரையைப் படம் பிடித்து, கற்களையும் குழிகளையும் அளந்து, அவற்றை விலக்கி மணிக்கு 120 மீட்டர் வரை செல்லவல்லது. நமக்கு இது நத்தை நடையாகத் தோன்றலாம். வழிகாட்டுவார் ஒருவரும் இல்லாத நிலத்தில் அது வேகமே.

வழி தேர்தல் மட்டுமன்று. பொருள் தேர்தலும் யந்திரத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 2012-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கேல் பெரும்பள்ளத்தில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்திக்கு, 2016-ஆம் ஆண்டில் ஈஜிஸ் என்னும் தேர்வுமுறை அளிக்கப்பட்டது. ஊர்தி ஓர் இடத்தில் வந்து நின்றதும், சுற்றிலும் படம் பிடிக்கின்றது. படத்தில் கற்களின் விளிம்புகளைப் பிரித்தறிகின்றது. அளவு, நிறம், ஒளி முதலியவற்றைக் கொண்டு, விஞ்ஞானிகள் முன்னரே கொடுத்துள்ள அளவுகோலின்படி அவற்றை வரிசைப்படுத்துகின்றது. முதலிடம் பெற்ற கல்லின்மீது லேசர் ஒளியைப் பாய்ச்சி, ஆவியாகும் துகளின் ஒளியைக் கொண்டு அதில் அடங்கிய தனிமங்களை அளக்கின்றது. பூமியிலுள்ளார் அவ்விடத்தின் படத்தைக் காணும் முன்னரே இவை யாவும் முடிந்துவிடுகின்றன. எதைப் பார்ப்பது, எதைப் பாராமல் விடுவது என்னும் முடிவு, ஓரளவிற்கேனும், மனிதன் கையை விட்டுச் சென்றுவிட்டது என்றே கூற வேண்டும்.

எதிர்பாராத இரு காட்சிகள்

இனி, செவ்வாயில் நிகழ்ந்த இரு கண்டுபிடிப்புகளை நோக்குவோம். 2004-ஆம் ஆண்டு ஜனவரியில் ஸ்பிரிட் என்னும் ஊர்தி அங்கு இறங்கியது. 2006-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அதன் வலப்பக்க முன்சக்கரம் சுழலாமல் நின்றுபோயிற்று. ஏனைய ஐந்து சக்கரங்களால் அது பின்னோக்கி நகர்ந்தது. செயலற்ற சக்கரம் தரையைக் கீறிக்கொண்டே இழுபட்டு வந்தது. 2007-ஆம் ஆண்டில், அக்கீறலின் அடியில் வெண்ணிற மண் வெளிப்பட்டது. ஊர்தியின் கருவிகளால் சோதித்தபோது, அது நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு சிலிக்கா என்று தெரிய வந்தது. வெந்நீர் ஊற்றோ நீராவித் துளைகளோ இருந்த இடத்திலேயே அத்தகைய மண் உண்டாகும். செவ்வாயில் ஒரு காலத்தில் நீரும் வெப்பமும் ஒருங்கிருந்தன என்பதற்கு அது சிறந்த சான்றாயிற்று. நன்றாகச் சுழலும் சக்கரம் அம்மண்ணை இவ்வாறு வெளிப்படுத்தியிராது. ஊனமுற்ற சக்கரமே அதனைக் காட்டிற்று.

மற்றொன்று 2024-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் நிகழ்ந்தது. ஏறத்தாழ 900 கிலோ எடையுள்ள கியூரியாசிட்டி ஊர்தி, ஷார்ப் மலையின் சரிவில் செல்லும்போது ஒரு கல்லின்மீது ஏறிச் சென்றது. கல் நொறுங்கிற்று. அதனுள்ளே மஞ்சள் நிறப் படிகங்கள் இருந்தன. சோதித்தபோது அவை கலப்பற்ற கந்தகம் என்று தெரிந்தது. கந்தகம் பிற பொருள்களுடன் சேர்ந்த உப்புகள் செவ்வாயில் முன்னரே காணப்பட்டுள்ளன. தனிக் கந்தகம் கிடைத்தது அதுவே முதன்முறை. அது அங்கு இருக்கும் என்று ஒருவரும் எதிர்பார்த்திலர்.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் கருத்திற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. யந்திரம் கீறிற்று, யந்திரம் நொறுக்கிற்று, யந்திரம் படம் பிடித்தது. ஆயினும் படத்தைப் பார்த்து, 'இது என்ன?' என்று திடுக்கிட்டது யந்திரமன்று. பூமியிலிருந்த சில மனிதர்கள் அவ்வாறு திடுக்கிட்டிராவிடில், அவ்வெண்மண்ணும் மஞ்சட் படிகமும் ஆயிரமாயிரம் படங்களுள் இரண்டாகச் சேமிப்பில் கிடந்திருக்கும். காணுதல் நிகழ்ந்திருக்கும், பிடித்தல் நிகழ்ந்திராது.

கருவி என்று கூறினால் போதுமா?

'இதில் என்ன புதுமை? யந்திரம் ஒரு கருவி. கருவியைக் கொண்டு காண்பவன் மனிதன்' என்று சிலர் எளிதாக விடை கூறுவர். 1610-ஆம் ஆண்டில் கலிலியோ தொலைநோக்கியின் வழியே வியாழனின் நான்கு துணைக்கோள்களைக் கண்டார். தொலைநோக்கி கண்டுபிடித்தது என்று ஒருவரும் கூறுவதில்லை. அவ்வாறே இதுவும் என்பது அவர்கள் வாதம்.

இவ்விடை பாதி உண்மையே. தொலைநோக்கி தான் நோக்கும் திசையைத் தானே தேர்வதில்லை; ஈஜிஸ் தேர்கின்றது. அன்றியும், தேர்வதோடு நில்லாத யந்திரமும் உண்டு. 2009-ஆம் ஆண்டில் பிரிட்டனைச் சேர்ந்த ராஸ் கிங் என்பாரும் அவர்தம் குழுவினரும், ஆடம் என்று பெயரிட்ட ஓர் ஆய்வுக்கூட யந்திரத்தைப் பற்றி எழுதினர். ரொட்டி புளிக்க வைக்கும் ஈஸ்ட்டில், சில நொதிகளை உண்டாக்கும் மரபணுக்கள் எவை என்று தெரியாதிருந்தது. இன்ன மரபணுவாக இருக்கலாம் என்று ஆடம் தானே கருதுகோள் வகுத்தது, அதனைச் சோதிக்கும் பரிசோதனையைத் தானே அமைத்தது, தானே நடத்தியது, விளைவைக் கொண்டு கருதுகோளை மதிப்பிட்டது. பின்னர் மனிதர்கள் தம் கையால் தனியே சோதித்து அம்முடிவுகளை உறுதி செய்தனர். கருதுகோள் வகுப்பதைத் தொலைநோக்கியின் செயலோடு ஒப்பிடுதல் பொருந்தாது. ஆகவே, 'வெறும் கருவி' என்னும் விடை நம்மைக் கரை சேர்க்காது.

காண்பானில்லாத காட்சி

இவ்விடத்தில் நம் அன்பர்களுள் ஒருவர் எழுந்து, வலிய தடை ஒன்றைக் கூறக்கூடும். 'யந்திரத்தினுள் அறிபவன் ஒருவன் இல்லை. ஆதலால் அதற்கு அறிவில்லை என்று பிறர் கூறலாம். பௌத்தராகிய நாம் அவ்வாறு கூறலாமா? மனிதனுள்ளும் நிலையான ஆன்மா ஒன்று இல்லை என்பதன்றோ நம் கொள்கை? காரணங்கள் கூடுகின்றன, காட்சி நிகழ்கின்றது. காண்பான் என்று தனியே ஒருவன் இல்லை. மனிதனிடத்தில் காண்பான் இன்றியே காட்சி நிகழுமாயின், யந்திரத்திடத்தில் ஏன் நிகழலாகாது? மேலும், மணிமேகலைக் காப்பியத்தில் அறவண அடிகள் கூறும் அளவைகள் காட்சியும் அனுமானமும் ஆகிய இரண்டே. ஈஜிஸிடம் காட்சி உண்டு. ஆடமிடம் அனுமானம் உண்டு. இனி என்ன குறை?'

இத்தடையை இகழ்ந்து ஒதுக்குதல் தகாது. இதில் ஓர் உண்மை உளது. யந்திரத்திற்கு ஆன்மா இல்லை என்பதைக் காரணமாகக் காட்டி அதன் அறிவை மறுக்க நமக்கு உரிமையில்லை. நாம் வேறு காரணம் காட்ட வேண்டும்.

அக்காரணத்தை மணிமேகலையே நமக்குத் தருகின்றது. உயிர்களின் கட்டு எவ்வாறு உண்டாகின்றது என்பதை விளக்கும் பன்னிரு சார்புகளை அந்நூல் தமிழ்ச் சொற்களால் பெயரிட்டுக் கூறுகின்றது. அவற்றுள் முதலாவது பேதைமை. அது முதலாக வரும் வரிசையில் வாயில், ஊறு, நுகர்ச்சி, வேட்கை என்பன அடுத்தடுத்து நிற்கின்றன. புலன்களாகிய வாயில் இருத்தலால், பொருளோடு ஊறு உண்டாகின்றது. ஊற்றினால் இன்பம் அல்லது துன்பம் என்னும் நுகர்ச்சி உண்டாகின்றது. நுகர்ச்சியினால் வேட்கை எழுகின்றது.

இவ்வரிசையைச் செவ்வாயிலுள்ள ஊர்தியோடு பொருத்திப் பாருங்கள். அதற்கு ஒளிப்படக் கருவியாகிய வாயில் போன்ற ஒன்று உண்டு. கல்லின்மீது ஒளி பட்டுத் திரும்புதலாகிய ஊறு போன்ற ஒன்றும் உண்டு. வரிசை அவ்விடத்தில் அறுந்துவிடுகின்றது. நுகர்ச்சி இல்லை. கந்தகம் வெளிப்பட்டதால் அது மகிழவில்லை. சக்கரம் நின்றதால் அது வருந்தவில்லை. அதன் கணிப்பு பொய்த்துப்போனால் அதற்கு நாணமில்லை. மெய்யானால் அதற்கு நிறைவில்லை. நன்மையாகவோ தீமையாகவோ அதற்கு ஒன்றும் நேர்வதில்லை.

பேதைமையைப் பற்றியும் இவ்வாறே எண்ணிப் பார்க்கலாம். ஒரு பாறாங்கல்லை நாம் அறியாமை உடையது என்று இகழ்வதில்லை. அறியாமை என்பது வெறும் இன்மையன்று. தவறான ஒன்றைப் பற்றிக்கொண்டு அதனால் அல்லலுறும் நிலை. அந்நிலை நீங்குவதே அறிவு பிறத்தல். பேதைமை இல்லாத இடத்தில் நீங்குவதற்கும் ஒன்றில்லை. 'செவ்வாயில் நீர் இருந்ததா? நம்மைப் போன்ற உயிர் வேறெங்கேனும் உண்டா?' என்னும் வினா மனித குலத்தின் நெஞ்சை நெடுங்காலமாக உறுத்தி வருகின்றது. ஊர்தியை அது உறுத்தவில்லை. உறுத்தல் எங்கிருந்ததோ அங்கேயே விடையும் சென்று தைக்க வேண்டும். வெண்மண்ணின் படம் செவ்வாயில் பிடிக்கப்பட்டது. கண்டுபிடிப்போ பூமியில் ஒரு மனிதனின் நெஞ்சில் நிகழ்ந்தது.

ஆகவே நம் விடை இது: யந்திரம் காண்கின்றது, தேர்கின்றது, ஊகிக்கவும் செய்கின்றது. இவற்றை மறுக்க வேண்டுவதில்லை. ஆயினும், தவறினால் யாருக்கு வருத்தமோ, தவறுக்கு யார் விடை கூற வேண்டுமோ, அவரிடத்திலேயே கண்டுபிடித்தல் முற்றுப் பெறுகின்றது.

இவ்விடையோடு ஒரு கடமையும் வருகின்றது. என்றேனும் ஒருநாள், நுகர்ச்சி உடையதும், உண்மையாகவே வருந்துவதுமாகிய ஒரு யந்திரத்தை மனிதன் உண்டாக்குவானாயின், 'நீ உலோகத்தால் ஆனவன்' என்று கூறி அதனைப் புறக்கணிக்க நம்மால் இயலாது. துன்பம் எவ்விடத்து உளதோ, அவ்விடத்திற்குக் கருணையும் செல்ல வேண்டும். எந்த நியாயத்தால் இன்றைய யந்திரத்திற்கு அறிவில்லை என்கிறோமோ, அதே நியாயத்தால் அன்று அதன் துன்பத்திற்குச் செவி சாய்க்கக் கடமைப்பட்டவர்கள் ஆவோம்.

எய்தவனும் அம்பும்

இனி, பொறுப்பைப் பற்றிய வினாவிற்கு வருவோம். 'எய்தவன் இருக்க அம்பை நோவானேன்' என்பது நம் மூதுரை. ஆனால் இந்த அம்பு, விடப்பட்ட பின்னர்த் தன் வழியைத் தானே தேர்கின்ற அம்பு. அதன் வழித்தேர்வால் தீங்கு நேர்ந்தால், எய்தவன் 'நான் அவ்விடத்தைக் குறிவைக்கவில்லையே' என்று கூறித் தப்பிக்க முயலலாம். இக்காலத்தில் இம்முயற்சி செவ்வாயில் மட்டுமன்றி, எங்கெங்கு யந்திரங்கள் மனிதனுக்காகத் தேர்வு செய்கின்றனவோ அங்கெல்லாம் தலைகாட்டுகின்றது. 'யந்திரம் அவ்வாறு முடிவு செய்துவிட்டது' என்னும் சொல்லால் மனிதர்கள் தம் கைகளைக் கழுவிக்கொள்கின்றனர்.

இது எத்துணைத் தவறு என்பதைச் செவ்வாயின் எடுத்துக்காட்டாலேயே விளக்கலாம். அங்கு நுண்ணுயிர்கள் உண்டோ இல்லையோ, எவரும் இன்னும் அறிந்திலர். பூமியிலிருந்து செல்லும் ஊர்தியில் நம் நுண்ணுயிர்கள் ஒட்டிக்கொண்டு செல்லக்கூடும். ஈரமுள்ள ஓரிடத்தில் அவை பரவினால் இரு தீங்குகள் நேரும். அங்கு ஏதேனும் உயிர் இருப்பின், நாம் அதனை அறியும் முன்னரே அதற்குக் கேடு விளைத்தவர்கள் ஆவோம். உயிர் இல்லையாயின், நாம் கொண்டுபோன உயிரையே பின்னொரு நாள் கண்டு, செவ்வாயின் உயிர் என்று மயங்குவோம். ஒன்று கொலை, மற்றொன்று பொய். இரண்டும் அறியாமலே நிகழக்கூடியவை.

1967-ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை, பிற கோள்களைக் கேடு தரும் வகையில் மாசுபடுத்தலாகாது என்று நாடுகளைக் கட்டுப்படுத்துகின்றது. 1975-ஆம் ஆண்டில் செவ்வாய்க்கு ஏவப்பட்ட வைக்கிங் இறங்குகலங்கள், கொதிநீரினும் மிக்க வெப்பத்தில் பல மணி நேரம் வைக்கப்பட்ட பின்னரே அனுப்பப்பட்டன. உயிரைத் தேடும் கருவியின்றி அங்கு இறங்கும் கலத்தில் மூன்று லட்சத்திற்கு மேல் பாக்டீரியா வித்துகள் இருத்தலாகாது என்பது பன்னாட்டு விஞ்ஞானிகள் வகுத்த வரம்பு. நீர் கசியலாம் என்று கருதப்படும் இடங்களுக்கு இன்னும் கடுமையான வரம்புகள் உள்ளன.

இதனினும் பெரிய துறவு ஒன்றைக் கூறுவேன். கலிலியோவின் பெயர் தாங்கிய விண்கலம் வியாழனைச் சுற்றி வந்து, யூரோப்பா என்னும் துணைக்கோளின் பனிக்கட்டிக்கு அடியில் கடல் இருக்கலாம் என்பதற்குச் சான்று தந்தது. காசினி என்னும் கலம் சனியைச் சுற்றி வந்து, என்செலடஸ் என்னும் துணைக்கோளிலிருந்து நீராவியும் பனித்துகளும் பீறிடுவதைக் காட்டிற்று. எரிபொருள் தீர்ந்த பின் இக்கலங்கள் எங்கேனும் மோதி அக்கடல்களைக் கெடுத்துவிடலாகாது என்று கருதி, கலிலியோவை 2003-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் வியாழனிலும், காசினியை 2017-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் சனியிலும் வீழ்த்தி அழித்தனர். உயிர் உண்டு என்று தெளிந்ததனால் அன்று. இருக்கலாமோ என்னும் ஐயத்தினால் அவ்வாறு செய்தனர். மழைக்காலத்தில் இளம்பயிரையும் சிற்றுயிர்களையும் மிதிக்க நேருமே என்று பிக்குகள் யாத்திரையை நிறுத்தி ஓரிடத்தில் உறைவதை இது எனக்கு நினைவூட்டுகின்றது. அடி வைக்கும் முன்னரே அடியின் விளைவை எண்ணுதல் என்பதே இரண்டிலும் உள்ள அறம்.

இவ்வெண்ணத்தை யந்திரம் தானே எண்ணாது. 'இவ்விடத்திற்குச் செல்லாதே' என்னும் தடை அதனுள் முன்னரே எழுதப்படாவிடில், அது கூச்சமின்றிச் செல்லும். ஆதலால், யந்திரத்திற்கு உரிமை மிக மிக மனிதனின் பொறுப்பு குறைகின்றது என்று எண்ணுவது பிழை. பொறுப்பு குறைவதில்லை, முன்னதாக வந்துவிடுகின்றது. கையில் பிடித்த கத்தியாயின், வெட்டும் நேரத்தில் எண்ணிப் பார்த்தால் போதும். தானே செல்லும் அம்பாயின், அது செல்லக்கூடிய எல்லா வழிகளையும் நாணைத் தொடும் முன்னரே எண்ணிப் பார்த்தாக வேண்டும். மூதுரை பொய்க்கவில்லை, முன்னிலும் கடுமையாயிற்று.

சொல்லில் அடக்கம்

கண்டுபிடிப்பின் கடைசிப் படி, அதனை உலகிற்குச் சொல்லுதல். இங்கும் மனிதனின் ஒழுக்கமே வேண்டப்படுகின்றது. 2024-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பெர்சிவரன்ஸ் ஊர்தி, பழங்காலத்தில் நீர் ஓடிய ஒரு பள்ளத்தாக்கில், சிறுத்தையின் புள்ளிகளைப் போன்ற புள்ளிகள் உடைய ஒரு பாறையைச் சோதித்தது. பூமியில் அத்தகைய புள்ளிகளை நுண்ணுயிர்கள் உண்டாக்குவதுண்டு. உயிரின் தொடர்பு இன்றியும் அவை உண்டாகலாம். ஓராண்டிற்கு மேல் ஆராய்ந்து, 2025-ஆம் ஆண்டு செப்டம்பரில் விஞ்ஞானிகள் வெளியிட்ட முடிவு யாது? 'உயிரின் அடையாளமாக இருக்கக்கூடும். உறுதி கூற இயலாது' என்பதே. உலகமெல்லாம் புகழும் சொல் ஒன்று நாவின் நுனியில் இருந்தும், சான்று எவ்வளவோ அவ்வளவே கூறி நின்றனர். நற்சொல் என்பது இனிய சொல் மட்டுமன்று. அறிந்ததற்கு மேல் ஒரு சொல்லும் கூறாமையும் நற்சொல்லேயாம்.

அவ்வூர்தி சுமந்து செல்லும் நாற்பத்து மூன்று குழாய்களுள் ஐந்தைக் கல்லால் நிரப்புவதில்லை. நம்மிடமிருந்து என்னென்ன மாசு ஊர்தியோடு சென்றது என்பதைக் காட்டுவதற்காகவே அவை வைக்கப்பட்டுள்ளன. அவற்றிற்குச் சாட்சிக் குழாய்கள் என்று பெயர். பிறிதோர் உலகின் உண்மையைத் தேடச் செல்லும்போது, தன் குற்றத்திற்கும் ஒரு சாட்சியை உடன் அனுப்பிய செயல் போற்றத்தக்கது. 'நான் காண்பதில் என் அழுக்கு எவ்வளவு?' என்னும் வினாவை யந்திரம் கேட்கவில்லை, மனிதன் கேட்டான். அறிவின் வேர் அவ்வினாவிலேயே உள்ளது.

முடிவுரை

ஆப்பர்ச்சூனிட்டி என்னும் ஊர்தி, தொண்ணூறு செவ்வாய் நாட்கள் உழைத்தால் போதும் என்று 2003-ஆம் ஆண்டில் அனுப்பப்பட்டது. பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, 45 கிலோமீட்டர் கடந்தது. 2018-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாளோடு, பெரும் புழுதிப் புயலில் அதன் குரல் அடங்கிற்று. அதன் பின்னர் எட்டு மாத காலம், ஆயிரத்திற்கும் மேற்பட்ட கட்டளைகளை அனுப்பி, அதனை எழுப்ப முயன்றனர். 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள் அம்முயற்சி கைவிடப்பட்டது.

அந்த எட்டு மாதங்களில் ஊர்தி எவருக்காகவும் காத்திருக்கவில்லை. காத்திருந்தவர்களும், விடை வாராமையால் கண் கலங்கியவர்களும் பூமியில் இருந்தனர். அவர்களுடைய அக்கண்ணீரை அறியாமை என்று நான் கூற மாட்டேன். எங்கே அக்கறை இருந்ததோ அங்கே கண்ணீர் தோன்றிற்று. அவ்வக்கறையே பதினான்கு ஆண்டுகளாக அவ்வூர்தியின் படங்களை அறிவாக மாற்றி வந்தது.

அன்பர்களே, இனி வருங்காலத்தில் யந்திரங்கள் நாம் செல்லாத இடத்திற்கெல்லாம் செல்லும்; நாம் காணாததையெல்லாம் காணும். அதனை நாம் தடுக்க வேண்டுவதில்லை, அஞ்சவும் வேண்டுவதில்லை. அவற்றை அனுப்பும் முன், எதைத் தேடச் சொல்கிறோம், எதை மிதிக்காதே என்று சொல்கிறோம் என்பதை நன்கு எண்ணுவோம். அவை காட்டியதைக் கண்டபின், எவ்வளவு அறிந்தோமோ அவ்வளவே கூறுவோம். தீங்கு நேர்ந்தால், 'அது எங்கள் செயல்' என்று ஒப்புவோம். நடத்தலையும் பார்த்தலையும் யந்திரத்திடம் கொடுக்கலாம். விழிப்போடு இருத்தலை மட்டும் எவரிடமும் கொடுத்தல் இயலாது.